விடரும் அருவியும்: வழிகாட்டும் உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிலப்பரப்பின் வரலாற்றை இரு நிலைகளில் வைத்து ஆராயலாம். அந்நிலம் எவ்வாறு உருவாயிற்று, அதில் யார் வாழ்ந்தனர், யார் உழைத்தனர் என்பன ஒரு நிலை. அந்நிலத்தை வெளியார்க்கு எடுத்துக் காட்டுவோர் யாவர், அதன் கதை யாருடைய வாயாற் சொல்லப்படுகின்றது என்பன மற்றொரு நிலை. முதலாவது நிலை பற்றிப் புவியியலாளரும் வரலாற்றாசிரியரும் நிரம்ப எழுதியுள்ளனர். இரண்டாவது நிலையோ உல்லாசப் பயணத் துறைக்குரிய சிறு விடயமெனக் கொள்ளப்பட்டு ஒதுக்கப்படுவதே வழக்கம். ஆயின், ஓரிடத்தைக் காட்டும் உரிமை அவ்விடத்தின் மீதுள்ள உரிமையினின்றும் பிரிக்க முடியாதது. இவ்வுண்மையை இரு பள்ளத்தாக்குகளின் வரலாற்றைக் கொண்டு விளக்க முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் அமைந்த அன்டிலோப் பள்ளத்தாக்கு. மற்றது, இலங்கையின் மத்திய மலைநாட்டில் வட்டகொடை, தலவாக்கலை ஆகிய ஊர்களை அடுத்து அமைந்த கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கு.

முன்னையது மழை அரிதாகிய நிலம். பின்னையது இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் நிலம். முன்னையதில் மரமும் அரிது. பின்னையதில் மலைமுகடு வரை தேயிலை படர்ந்துள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்துமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே. எனினும், இரண்டும் நீரினால் அறுக்கப்பட்ட நிலங்கள். இரண்டினருகிலும் பேரணைகள் எழுந்தன. இரண்டிலும் வாழும் மக்களின் முன்னோர் கட்டாயத்தினாலோ வறுமையினாலோ நெடுவழி நடந்தவர்கள். இன்று இரண்டும் உலகெங்கணுமிருந்து வரும் பயணிகள் படம்பிடித்துச் செல்லும் காட்சிகளாகவும் விளங்குகின்றன. வேறுபாடு ஒன்றே. முன்னையதில் அந்நிலத்து மக்களே வழிகாட்டிகளாக நிற்கின்றனர். பின்னையதில் அந்நிலத்து மக்கள் காட்சியின் ஒரு பகுதியாக மாத்திரம் நிற்கின்றனர்.

மலைப்பாறையில் உண்டாகும் பிளவைப் பழந்தமிழர் ‘விடர்’ என்றனர். அன்டிலோப் பள்ளத்தாக்கைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் இல்லை எனலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றுகளாய்க் கிடந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லான செந்நிறப் பாறை அது. அதிலுள்ள வெடிப்புகளினூடே மழைக்காலத்துத் திடீர் வெள்ளம் மணலை வாரிக்கொண்டு பாய்ந்தபோது, அம்மணலே அரமாகிப் பாறையை அராவியது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் அராவப்பட்டதன் பயனாக, சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய ஒடுக்கமும், தலைக்கு மேல் நூறடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட வளைந்த பிளவுகள் தோன்றின. இவற்றுள் மேல்விடர் எனப்படுவதனுள் நிலமட்டத்திலேயே நுழையலாம். கீழ்விடரினுள் ஏணிகளின் வழியே இறங்குதல் வேண்டும். கோடையில் நண்பகல் வேளையில் மேலிருந்து ஒளிக்கற்றைகள் மணற்றரையைத் தொடுங் காட்சியைக் காணவே பெருந்தொகையானோர் அங்குச் செல்கின்றனர். மேல்விடருக்கு நவஹோ மக்கள் வழங்கும் பெயர், பாறைகளினூடே நீர் ஓடுமிடம் என்னும் பொருளுடையது. ஆங்கிலப் பெயர் அங்கு மேய்ந்த மானினத்தைச் சுட்டுகிறது. நவஹோப் பெயரோ அவ்விடம் தோன்றிய முறையையே சொல்லிவிடுகிறது.

இவ்விடரினுள் எவரும் தாம் விரும்பியவாறு நுழைதல் இயலாது. அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் குழுவாகவே செல்லுதல் வேண்டும். பேஜ் என்னும் சிறு நகரத்தை அடுத்துப் பயணிகள் ஒன்றுகூடுவர். மேல்விடருக்குச் செல்வோர் மணல் நிறைந்த வறண்ட ஓடை வழியே ஊர்திகளில் ஏற்றிச் செல்லப்படுவர். வழிகாட்டி முன்னே நடந்து, பாறை வளைவுகளிற் புலப்படும் உருவங்களைச் சுட்டி, ஒளி விழும் இடத்தையும் வேளையையும் கூறி, வெள்ளம் வந்த உயரத்தைப் பாறையிடுக்கில் சிக்கிய மரத்துண்டைக் கொண்டு காட்டுவார். வழிகாட்டிகளிற் பெரும்பாலோரும், பயண நிறுவனங்களை நடத்துவோரும் நவஹோ மக்களே. நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி நவஹோ தேசத்தின் பூங்காத் திணைக்களத்தைச் சேர்கிறது.

இவ்வொழுங்கு தானாக வந்ததன்று. 1864ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் நவஹோ மக்களை அவர்தம் நிலத்தினின்றும் பெயர்த்து, ஏறத்தாழ 480 கிலோமீற்றர் தொலைவு நடத்திச் சென்று, நியூ மெக்சிக்கோவிலுள்ள பொஸ்கே ரெடொன்டோ என்னுமிடத்தில் அடைத்து வைத்தனர். ‘நெடுநடை’ என அவர்கள் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி இதுவே. பட்டினியாலும் நோயாலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனரென மதிப்பிடப்படுகிறது. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே எஞ்சியோர் தாயகத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினர். அன்று வரையறுக்கப்பட்ட நிலம் பின்னர்ப் பல கட்டங்களில் விரிவாக்கப்பட்டு, இன்று ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாய் உள்ளது. இது இலங்கைத் தீவின் பரப்பினும் பெரிது.

நிலம் மீண்டதாயினும் அரசியலுரிமை உடன் மீளவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வீகக் குடிகள் அனைவர்க்கும் அமெரிக்கப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஆயினும் அரிசோனா மாநிலத்தில் அவர்கள் வாக்களிக்கத் தடை நீடித்தது. 1948ஆம் ஆண்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அத்தடையை நீக்கியது. இந்த ஆண்டு மனத்திற் கொள்ளற்பாலது. மலைநாட்டின் வரலாற்றிலும் இதே ஆண்டு திரும்பவும் வரும்.

1956ஆம் ஆண்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கனியன் அணை கட்டும் பணி தொடங்கியது. அணைத் தொழிலாளர்க்கென நவஹோ நிலம் ஒன்று வேற்று நிலத்துக்கு மாற்றாகப் பெறப்பட்டு, அதில் எழுந்ததே பேஜ் நகரம். 1963ஆம் ஆண்டு முதல் நீர் தேக்கப்பட்டபோது, அன்டிலோப் விடரை ஒத்த எத்தனையோ பக்க விடர்கள் பவல் ஏரியினுள் அமிழ்ந்தன. நவஹோ மக்கள் புனிதமாகக் கருதும் வானவிற்பாலம் என்னும் பாறை வளைவின் அடிவரை நீர் வந்தமைக்கு எதிராக 1974ஆம் ஆண்டில் அவர்களிற் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 1980ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பும் அவர்களுக்கு மாறாகவே அமைந்தது. எனவே நவஹோ வரலாற்றை இழப்பற்ற வெற்றியின் வரலாறாகக் கொள்ளுதல் தவறாகும். நீரில் அமிழாது எஞ்சிய விடர் அவர்கள் நிலத்தினுள் இருந்தமையாலேயே, அதனைக் காட்டும் உரிமையும் அவர்களிடம் எஞ்சியது.

அவ்வுரிமையின் உட்பொருளை 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்த துயரம் புலப்படுத்தியது. விடரின்மேல் மழை பெய்யவில்லை. பல கிலோமீற்றருக்கு அப்பால் மேட்டுநிலத்தில் இடிமழை பெய்தது. அவ்வெள்ளம் கீழ்விடரினுள் புகுந்து பயணிகள் 11 பேரை மாய்த்தது. அதன்பின் மர ஏணிகளுக்கு மாறாகப் பாறையிற் பொருத்திய உலோக ஏணிகள் அமைக்கப்பட்டன. வானிலை எச்சரிக்கை ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. அதே ஆண்டில் அவ்விடம் நவஹோ தேசத்துப் பூங்காவாக ஒழுங்கமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று நவஹோ மக்களைக் கடுமையாகத் தாக்கியபோது, அவர்தம் நிருவாகம் விடரை மூடியது. 2021ஆம் ஆண்டிலேயே மீளத் திறந்தது. காட்டும் உரிமை என்பது மூடும் உரிமையையும் உள்ளடக்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி மலைநாட்டின்பால் நோக்கைத் திருப்பலாம். கொத்மலை ஓயா மணற்கல்லையன்றி மிகப் பழமையும் கடுமையும் வாய்ந்த பாறையை அறுத்துச் செல்கிறது. ஆதலால் இங்கு ஒடுங்கிய விடர்களுக்கு மாறாகச் செங்குத்தான படிகளும் அவற்றின் மீது வீழும் அருவிகளும் அமைந்தன. தலவாக்கலையை அடுத்து அவ்வாற்றிலேயே ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்தினின்றும் வீழும் செயின்ட் கிளேயர் அருவியும், அதற்குச் சற்று மேற்கே 97 மீற்றர் உயரமுடைய டெவன் அருவியும் புகழ் வாய்ந்தவை. அட்டன் வீதியிற் செல்வோரும் புகையிரதத்திற் செல்வோரும் இவற்றைக் காணலாம்.

இப்பள்ளத்தாக்கின் அடிப்படை வடிவை நீர் அமைத்தது. இன்று கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மனித உழைப்பு அமைத்தது. 1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அண்மையில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை படிப்படியாக மேல்மலைகளுக்கும் பரவியது. தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து வறுமையால் உந்தப்பட்டுக் கங்காணிமாருடன் புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் தொகை பெரிது. நவஹோ மக்களின் நெடுநடைக்குப் படையினர் காரணமாயினர். இவர்களது நெடுநடைக்குப் பஞ்சமும் கடனும் காரணமாயின. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டமை, அவ்வழியின் நினைவு இன்னும் அழியவில்லை என்பதைக் காட்டிற்று.

1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோயினாற் கோப்பி அழிந்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப் புகையிரதப் பாதை மலையேறிற்று. 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியையும், 1884ஆம் ஆண்டில் அட்டனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் அது அடைந்தது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையிலுள்ள வட்டகொடை நிலையம் இப்பாதையில் அமைந்ததே. இன்று உலகின் அழகிய புகையிரதப் பயணங்களுள் ஒன்றெனப் பயணிகள் புகழும் இப்பாதை, காட்சிக்காக அமைக்கப்பட்டதன்று, தோட்டங்களுக்காக அமைக்கப்பட்டதாகும்.

இப்பகுதியின் இடப்பெயர்களும் ஆராயத்தக்கன. செயின்ட் கிளேயர், டெவன், கிரேட் வெஸ்டர்ன் ஆகியன துரைமார் காலத்துப் பெயர்கள். பயணிகளின் கைந்நூல்களில் இடம்பெற்றவை இவையே. எனினும், அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே மலையைக் குடைந்து செல்லும் சுரங்கத்துக்குப் பூல்பாங்க் என்னும் பெயர் இருந்தும், சிங்கமலைச் சுரங்கம் என்பதே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. தோட்டங்களுக்கும் அவ்வாறே தமிழ் வழக்கில் தனிப்பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு தோட்டத்து மலைக்கும் கானுக்கும் குறுக்குப் பாதைக்கும் கொழுந்து பறிப்போர் வழங்கும் பெயர்கள் வேறு. இவை எழுத்திலேறாத ஒரு நிலப்படமாகும்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 780,000 ஆகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. அவ்வெழுவருள் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவானவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடையை அடுத்த மடகும்புரத் தோட்டத்திற் பிறந்தவர் அவர். அடுத்த ஆண்டே, அதாவது அரிசோனாவிற் பூர்வீகக் குடிகள் வாக்குரிமை பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டுவைத்தது. தாமே திருத்திய மலையை விட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் அதே புகையிரதப் பாதையில் இறங்கிச் சென்றன. நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் நாட்டின் குடிகளாகவே கருதப்படாதோர், அந்நாட்டின் அழகை எடுத்துக்காட்டும் பணியில் இடம்பெறாமை வியப்பன்று. ஹென்றி கேவ் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இலங்கை நூல்’ போன்றவை புகையிரதப் பாதை வழியே நாட்டை வருணித்துச் சென்றன. அத்தகைய நூல்களிலும் அக்கால ஒளிப்படங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண் பெயரின்றிக் காட்சிப்பொருளாகவே நின்றாள். 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்ட பின்னர்ப் பயணிகள் தொகை பெருகிற்று. அப்படத்தின் அமைப்போ மாறவில்லை. இன்றும் அருவியை நோக்கும் மேடைகளில் நின்று தேயிலைச் சரிவைப் படம்பிடிப்போர்க்கு, அச்சரிவிலே கூடை சுமந்து நிற்பவள் தன் மலையின் கதையைச் சொல்லும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. அக்கதையைச் சொல்ல ஆளில்லாமல் இல்லை. ‘இன் சிலோன்ஸ் ரீ கார்டன்’ என்னும் ஆங்கிலக் கவிதை நூலில் வேலுப்பிள்ளை அதனைச் சொன்னார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்தார். ஒருவகையில் இப்பள்ளத்தாக்கின் முதல் வழிகாட்டி அவரே எனலாம்.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் வரலாறு இவ்விடத்திற் கருதத்தக்கது. முதலில் வகுக்கப்பட்ட திட்டம் செயின்ட் கிளேயர், டெவன், இறம்பொடை, பூண்டுலோயா முதலிய அருவிகள் பலவற்றின் நீரைப் பாதிப்பதாயிருந்தது. சூழலியலாளர் எதிர்த்தனர்; மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. அதன் பயனாகத் திட்டம் சுருக்கப்பட்டு, செயின்ட் கிளேயர் அருவியின் நீர் மாத்திரமே பாதிக்கப்படும் நிலை ஏற்பட்டது. தலவாக்கலையில் எழுந்த அணை 35.5 மீற்றர் உயரமுடையது. ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடே நீர் செலுத்தப்பட்டு, நிலத்தடி மின்நிலையத்தில் 150 மெகாவாற்று மின்சாரம் பெறப்படுகிறது. 2012ஆம் ஆண்டில் திட்டம் இயங்கத் தொடங்கிற்று. அருவியின் அழகைப் பேணுமுகமாகப் பகற்பொழுதில் அதில் நீர் விடப்படும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது. இவ்வாறு இயற்கையின் அருவி, காண்போர் வரும் நேரத்துக்கென அளந்துவிடப்படும் அருவியாயிற்று. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்து புதிய மனைகளிற் குடியமர்த்தப்பட்டன. அருவிக்கு இழைக்கப்பட்ட தீங்கு நாடளாவிய விவாதமாயிற்று. அப்பள்ளத்தாக்கின் வாழ்வு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நவஹோ மக்கள் அந்நிலத்தின் ஆதிக்குடிகள். ஐக்கிய அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்தவர்கள். மலையகத் தமிழரோ இரு நூற்றாண்டுகளுக்கு முன் வந்த உழைப்பாளர். இவ்விரு சாராரையும் ஒப்பிடுதல் எங்ஙனம் தகும் என்பதே அது. மறுப்பில் நியாயம் உண்டு. மலைநாட்டில் நிலமிழந்த கண்டிச் சிங்களக் கிராமத்தாரின் உரிமையையும் மறத்தலாகாது. மேலும், நவஹோ நிலமே இன்றும் மத்திய அரசின் பொறுப்பாட்சியில் உள்ளது. பேஜ் நகருக்கு அண்மையில் 1974 முதல் 2019 வரை இயங்கிய பெரும் அனல்மின்நிலையம் தொலைநகரங்களுக்கு மின்சாரம் அனுப்பிய காலத்தில், நவஹோ வீடுகள் பலவற்றில் விளக்கு எரியவில்லை. ஆகவே அந்நாட்டு ஏற்பாட்டை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் கூடாது.

எனினும், நிலத்தின்மீது உரிமை பழமையினால் மாத்திரம் பிறப்பதன்று. உழைப்பினாலும் அறிவினாலும் பிறப்பதாகும். அன்டிலோப் விடரில் வழிகாட்டியின் இன்றியமையாமை, அவர் அவ்வெள்ளத்தையும் பாறையையும் அறிந்தவர் என்பதில் தங்கியுள்ளது. மலைநாட்டிலும் அத்தகைய அறிவு உண்டு. எந்த ஊற்று எம்மாதத்திற் கலங்கும், எச்சரிவில் வெடிப்புத் தோன்றும் என்பதை லயன்களில் வாழ்வோர் அறிவர். ஆனால் அறிவு இருந்தும் உரிமை இல்லாவிடத்து நேர்வது யாது? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்ல அம்மக்களுக்குச் சொந்த நிலம் ஒரு துண்டேனும் இருக்கவில்லை. விடரை மூடும் உரிமை நவஹோ மக்களுக்கு இருந்தது; ஆபத்தான மலையை விட்டு நீங்கும் வசதிகூட இவர்களுக்கு இருக்கவில்லை. இரு பள்ளத்தாக்குகளையும் பிரிக்கும் கோடு இதுவே.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மாற்றங்களுள் எதுவும் லயனிற் குடியிருப்போரை அந்நிலத்தின் உரிமையாளராக்கவில்லை. பிற்காலத்தில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கும் முயற்சிகள் தொடங்கினாலும், பெரும்பாலான குடும்பங்களுக்கு அவை இன்னும் எட்டவில்லை. உல்லாசப் பயணத் துறையை மலைநாட்டில் வளர்க்க எண்ணுவோர் விடுதிகளையும் மேடைகளையும் கட்டுவதுடன் அமைதல் போதாது. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் முறையான பயிற்சியும் உரிமமும் பெற்று, தம் மலையைத் தாமே காட்டும் நிலை ஏற்படுதல் வேண்டும். அதற்கு முற்படியாக, குடியிருக்கும் காணியின் உறுதி அவர் கைக்கு வருதல் வேண்டும். சொந்த முற்றம் இல்லாதவன் விருந்தினரை எங்ஙனம் வரவேற்பான்?

வரலாறு பயிலும் மாணவர்க்கும் இதிற் கடமை உண்டு. கொழுந்து பறித்த கைகள் தளர்ந்து வரும் இக்காலத்தில், அம்முதியோர் நினைவிலுள்ள மலைப்பெயர்களும் குறுக்குப் பாதைகளும் சரிவுகளின் வரலாறும் தோட்டந்தோறும் தொகுக்கப்படுதல் வேண்டும். நவஹோ மொழியில் விடருக்கு வழங்கும் பெயர் எழுத்திலேறி நிலைத்தமையால், உலகம் அதனை இன்று அறிந்துள்ளது. வட்டகொடை மலைகளின் பெயர்களும் அவ்வாறே எழுத்திலேறுமாயின், நாளை அம்மலையேறும் பயணி கேட்கும் முதற்கேள்விக்கு அம்மண்ணில் உழைத்தோரின் மொழியிலேயே விடை கிடைக்கும்.